துளி வேடம்

தலை தனி, உடம்பு தனி.
முதுகில் ஜிப். உள்ளே பஞ்சு,
பஞ்சுக்குள் போன வாரம் போட்டவனின் வாடை.
எண்பது வெள்ளி, ஒரு பொட்டலம் நாசி லெமாக்.
மாநகர் மன்றத்தின் நீர்ச் சிக்கன முகாமில்
இன்றைக்கு நான்தான் துளி.

விதி ஒன்றே: துளி பேசக் கூடாது.
கை அசைக்கலாம். தலையாட்டலாம்.
குழந்தை அழுதால் ஓரடி பின்வாங்கலாம்.
துளிக்குக் கண் படத்துக்குத்தான்,
பார்ப்பது வாய் வழியே,
கறுப்பு வலை தைத்த வாய்.
கறுப்புத் தண்ணீர் என்றே பெயர் வைத்த
ஆயர் ஈத்தாமில்
அடுக்குமாடிகள் எல்லாம்
கொசுவலைக்குள் நின்றன.

மேடையில் ரொஹைதா அழகாகத்தான் பேசினார்.
பல் துலக்கும்போது குழாயை மூடுங்கள்.
காரை வாளித் தண்ணீரில் கழுவுங்கள்.
பினாங்கில் ஓராள் ஒரு நாளைக்கு என்று தொடங்கி
ஓர் எண் சொன்னார்,
ஒலிபெருக்கி அதை விழுங்கிவிட்டது.
யோகினி தமிழில் சொன்னாள்.
சீனத்தில் சொல்ல வேண்டியவர் வரவில்லை.
கேள்விக்குப் பதில் சொன்ன பிள்ளைகளுக்கு
முத்திரை பதித்த நீல வாளி.

அப்போது கை தூக்கினார்
பதினேழாம் மாடி அம்சவேணி.
மருத்துவமனையில் துப்புரவு, இரவு வேலை,
சீருடைகூட மாற்றவில்லை.

"கார் இல்லைங்க எங்கிட்ட.
குழாய மூடச் சொல்றீங்க,
எங்க மாடியில அது தானாவே மூடிக்கும்.
ராத்திரி ஒரு மணிக்கு இருமும்,
ரெண்டரைக்கு நின்னு போயிரும்.
அந்நேரம் நான் வேலையில.
மிச்சம் பிடிக்கிறேன், மாட்டேன்னு சொல்லல.
எதுலேர்ந்து பிடிக்கட்டும்?"

கைப்பேசியைத் திறந்து
மூன்று புகார் எண்களை வாசித்தார்,
அதிர்ஷ்டக் குலுக்கல் போல, ஒவ்வோர் இலக்கமாக.
எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள்.
மேடை என்னைப் பார்த்தது.
தலையாட்டினேன்.
ஆமாம் என்பதற்கும் ஐயோ என்பதற்கும்
துளியிடம் இருப்பது ஒரே ஆட்டல்.

ரொஹைதா ஒலிவாங்கியை நாற்காலியில் வைத்துவிட்டு
நடந்தார். யோகினி பின்னால்.
என்னை நில் என்று யாரும் சொல்லவில்லை.

லிஃப்ட் பதின்மூன்றோடு சரி.
மிச்சம் நான்கு மாடி படி.
திருப்பத்துக்குத் திருப்பம் என் வயிறு சிக்கியது,
யோகினி பின்னாலிருந்து தள்ளினாள்.

மொட்டை மாடியில் தொட்டி ஒழுகிக்கொண்டிருந்தது.
அவசரமில்லாத ஒழுக்கு.
சுவரில் முழங்கை நீளத்துக்குப் பெரணி.
அதன் அடியில் வரிசையாக
பெயின்ட் டின், ஐஸ்கிரீம் டப்பா, பாதி அறுத்த பீப்பாய்.
மார்க்கரில் வீட்டு எண்கள்:
17-3. 17-9. 17-11.
ஒன்றில் மட்டும் மூன்று மொழியிலும்
"பொது."

ரொஹைதா படம் எடுத்தார்.
பிறகு யாரையோ அழைத்தார்.
அவருடைய மலாய் முதலில் பணிவாக இருந்தது.
பிறகு இல்லை.

அம்சவேணி வீட்டிலிருந்து
தண்ணீர்க் கிளாஸும் உறிஞ்சுகுழலும் வந்தன.
வலையில் ஓர் ஓட்டையாய்ப் பார்த்து
குழலை நுழைத்தார், ஊசி கோப்பவர் போல.
கிளாஸை மறுபடி நிரப்பப் போனவரிடம்
"பாதி போதும்கா" என்றேன்.
துளி பேசிவிட்டது.
யோகினி கேட்காதது போல் நின்றாள்.

சாயங்காலம் டோபிக் கடை.
வேடத்தின் கழுத்துப் பட்டியில் எழுதியிருந்தது:
தனியாகத் துவைக்கவும், இரண்டு முறை அலசவும்.
இருப்பதிலேயே பெரிய இயந்திரம், பன்னிரண்டு வெள்ளி.
வட்டக் கண்ணாடிக்குள் அந்தச் சிரிப்பு
தலைகீழாக வந்தது, நேராக வந்தது,
நுரையில் மறைந்து மறுபடி வந்தது.

வேனில் பரிசு வாளி ஒன்று மீந்திருந்தது.
கடைக்காரியைக் கேட்டு
அலசல் தண்ணீர் விழும் குழாய்க்கு அடியில் வைத்தேன்.

சட்டென்று நிறைந்துவிட்டது.
இயந்திரம் நிற்கவில்லை.